கம்பத்தைப் பிடித்துக்கொண்ட வாக்காளர்

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் அடித்த ஒரு பீற்றலில் பிறந்தது.

போன பிப்ரவரியில் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு குரல்செய்தி போட்டேன். "இங்கெல்லாம் எம்.எல்.ஏ. சனிக்கிழமை காலைல பள்ளிக்கூட ஜிம்முக்கு வந்து உக்காந்துருவாரு. போலீஸ் இல்ல, மாலை இல்ல, கட்டவுட் இல்ல. யாரு வேணா கேள்வி கேக்கலாம். அவரு பதில் சொல்லியே ஆகணும்." சித்தப்பா அதை இருநூறு பேருக்கு அனுப்பினார். அடியில் 'இதுவன்றோ ஜனநாயகம்' என்று ஒரு வரி, கைதட்டும் பொம்மைகள் மூன்று.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மொத்தமாகப் பார்த்தால் முழுப் பொய். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது அக்கா மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "சரி, என்ன கேட்டாங்க?"

அதற்குப் பதில்தான் இது. தெற்கு டகோட்டாவில் ஒரு தானியக் கூட்டுறவுச் சங்கத்தின் எடைமேடை அறையில் உட்கார்ந்து, ஒரு சோள லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே போனிடம் வாயால் சொல்லிச் சொல்லி எழுதுகிறேன்.

[விசாவில் இருப்பவன் அடுத்தவர் நாட்டுத் தேர்தலைப் பற்றிக் கதை எழுதலாமா? அம்மா கூடாது என்கிறாள். அதனால் ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, அதன் பெயரையும் மாற்றிவிட்டேன். சோளத்தின் பெயரை மட்டும் மாற்றவில்லை.]

2

முதல் தொடக்கம்: "ஜனவரிப் பனிக்கு நடுவே வெர்லின் ஸ்லெட்டனின் வயலில் ஆரஞ்சு நிறக் கொடிகள் பூத்திருந்தன..."

அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகம் வந்தது. ஜனவரியில் இங்கே தரை கருங்கல். கொடி குத்த முடியாது. அவர்கள் நவம்பரிலேயே குத்திவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "பழமைவாத வாக்காளர் என்பவர், அரசின் தலையீட்டைக் குறைக்க விரும்பும்..."

அக்கா தூங்கிவிடுவாள்.

மூன்றாம் தொடக்கம்: வெர்லினுக்கு இருந்தது ஒரே ஓர் அரசியல் கொள்கை. வேலி.

இதையே வைத்துக்கொள்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் அரசாங்கம், இந்தப் பக்கம் வெர்லின். வரி குறைவாக இருக்க வேண்டும், துப்பாக்கி அலமாரியில் இருக்க வேண்டும், ஞாயிறு பத்து மணிக்கு மனிதன் சர்ச்சில் இருக்க வேண்டும். மற்றது அவனவன் பாடு. வயது அறுபத்து நாலு. பதினெட்டு வயதிலிருந்து ஒரே கட்சிக்கு ஓட்டு. மறு கட்சி என்று ஒன்று இருப்பதை அவர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். ஒரு வருடம் சுதந்திர தின ஊர்வலத்தில் அந்தக் கட்சியின் சார்பில் இரண்டு பேரும் ஒரு நாயும் நடந்தார்கள். நாய்க்கு நல்ல கைதட்டல்.

ஆகவே ப்ரென்டல் கவுண்டியில் நவம்பர்த் தேர்தல் வெறும் சடங்கு. ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடப்பதுதான் நிஜத் தேர்தல். அன்று முக்கால்வாசிப் பேர் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

வெர்லின் தவறாமல் போவார். போய், தவறாமல் கெய்லன் ரிக்டருக்குப் போடுவார். கெய்லன் விதை வியாபாரி, வெர்லினோடு ஒரே வகுப்பில் படித்தவர், சர்ச்சில் அவருக்கு நேர் பின் பெஞ்சு. பன்னிரண்டு வருடமாக மாநில சட்டமன்றத்தில் இருக்கிறார். இங்கே சட்டமன்றத்துக்கு இரண்டு சபை; ஒரே சபையில் தொடர்ந்து நாலு தடவைக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது என்று மக்கள் ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். கெய்லன் சட்டத்தை மதிப்பவர். நாலு தடவை முடிந்ததும் நடைக்கூடத்தைக் கடந்து எதிரே இருக்கும் மற்றச் சபைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

போன வருடம் ஒரு சட்டம் நிறைவேறியது. ஏதோ வாயுவைக் குழாய்வழியே கொண்டுபோய் வேறு மாநிலத்தில் புதைக்கப்போகிற ஒரு கம்பெனி, முப்பது நாள் முன்பு ஒரு கடிதம் போட்டுவிட்டால் போதும். யார் நிலத்திலும் நுழைந்து அளக்கலாம், மண்ணைத் துளைத்துப் பார்க்கலாம். உடையவர் சம்மதம் வேண்டாம். கடிதம் வந்தது. கம்பெனி ஆட்கள் வந்தார்கள். கொடி குத்தினார்கள், துளை போட்டார்கள், நாகரிகமாகக் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

வெர்லினின் மனைவி மார்லிஸ், சட்டமன்றத்தில் அந்தச் சட்டத்துக்கு யார் யார் எப்படி ஓட்டளித்தார்கள் என்ற பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்தார். 'ரிக்டர்: ஆம்.'

"அச்சுப்பிழையா இருக்கும்" என்றார் வெர்லின்.

அச்சுப்பிழை இல்லை.

அன்றிலிருந்து வெர்லினுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பணம் இல்லை, நஷ்ட ஈடு இல்லை. தான் ஓட்டுப் போட்ட ஆள், தன் வேலியைத் திறந்துவிட்டது ஏன் என்று தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜூனுக்குள்.

"வாஷிங்டன்ல இருக்கறவன ஏசறது சுலபம், தம்பி" என்று எடைமேடையில் என்னிடம் சொன்னார். "அவன் நம்ம முதுகுக்குப் பின்னால உக்காந்து பாட்டுப் பாட மாட்டான்."

3

பிஸ்கட் பீப்பாய் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். முன்காலத்தில் மளிகைக்கடையில் பிஸ்கட் பீப்பாயைச் சுற்றி நின்று அரசியல் பேசியதன் மிச்சம். இப்போது பீப்பாயும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை; கூடைப்பந்து ஜிம்மில் மடக்கு நாற்காலிகள். கேள்விகளை அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் போட வேண்டாம். கூட்டத்தை நடத்துபவர் அவற்றை வாங்கி உரக்கப் படிப்பார்.

பதினோரு வருடமாக நடத்துபவர் மார்லிஸ்.

[இந்த இடத்தில் அக்கா நிமிர்ந்து உட்காருவாள் என்று தெரியும். பொண்டாட்டியே நடத்துறாளா, அப்போ சரிதான் என்பாள். பொறு.]

வெர்லின் தச்சுப் பென்சிலால் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையை நான் பார்த்தேன். அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அதில் இருந்தது இதுதான்: "கெய்லன், என்னைக் கேட்காமல் என் நிலத்துக்குள் ஆளை விட உனக்கு யார் உரிமை கொடுத்தது?"

மார்லிஸ் அட்டைகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு அடுக்கு மேசைமேல். இன்னொரு அடுக்கு கைப்பைக்குள். கைப்பைக்குள் போவது முகத்துக்கு நேரே படிக்கக் கூடாதவை. மேசைமேல் இருந்ததிலிருந்து படிக்க ஆரம்பித்தார்: பள்ளிக் கூரை எப்போது மாறும் என்று ஒரு கேள்வி, மான் வேட்டை உரிமம் பற்றி ஒன்று, தலைநகரில் இந்த வருடம் குளிர் எப்படி என்று ஒன்று. அப்புறம் அந்தத் தச்சுப் பென்சில் அட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். கைப்பையைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். படித்தார்.

"நம்ம நண்பர் ஒருத்தர், நில விஷயமா உங்க எண்ணத்தக் கேக்க ஆசப்படறார்."

கெய்லன் ஏழு நிமிடம் பேசினார். தாத்தாவின் மண் குடிசை, பனிப்புயலில் செத்த மாடுகள், பாட்டி கையால் நட்ட மரங்கள். "நெலம்னா என்னன்னு எனக்குத் தெரியும்" என்று முடித்தார். அதில் நடிப்பில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

வெர்லினும் தட்டினார்.

[நானும்தான்.]

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் டெல்மர் என்கிற பக்கத்து நிலத்துக்காரர், "அந்த நெலக் கேள்வி நல்லா சுருக்குன்னு இருந்துச்சுப்பா. யாரு எழுதினது?" என்றார்.

"தெரியல" என்றார் வெர்லின்.

வண்டிக்குள் ஏறியதும் நடந்தது, வெர்லினே பிறகு என்னிடம் சொன்னது:

"நான் எழுதினத நீ படிக்கல."

"படிச்சேன். மரியாதையா படிச்சேன்."

"நண்பர்னு எங்க எழுதியிருந்தேன்?"

"ஏன், நண்பன் இல்லையா? அவங்கம்மா சவப்பெட்டிய நீதான தூக்கின?"

"அது அவங்கம்மா. சட்டத்துக்கு ஓட்டுப் போட்டது அவங்கம்மா இல்ல."

"கத்தாத. கண்ணாடி பனி புடிக்குது."

[புருஷனை 'நீ' என்கிறாரே என்று வீட்டில் கேட்பார்கள். இங்கே ஜனாதிபதி முதல் கன்றுக்குட்டி வரை எல்லோருக்கும் ஒரே சொல். நான்தான் ஆளுக்குத் தக்கபடி பிரித்துப் போடுகிறேன். ஜிம்மில் கெய்லனுக்கு 'உங்க' போட்டேன், வேறெப்படிப் போடுவது? ஜிம்மே அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.]

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். மார்லிஸ் மேல்தான் என்று நினைப்பீர்கள். இல்லை, வெர்லின் மேல்.

முதல் வரைவில் அவர் மிக நல்லவராக வந்திருந்தார். பாவப்பட்ட விவசாயி, ஏமாற்றப்பட்ட வாக்காளர். வாசித்துப் பார்த்தால் எனக்கே கண் கலங்கியது. ஆனால் இதே வெர்லின்தான் மூன்று வருடம் முன்பு, பக்கத்துக் கவுண்டியில் மின்கோபுரம் நடுவதற்கு நிலம் எடுத்தபோது, "முன்னேற்றம்னா சும்மாவா" என்று காபிக்கடையில் சொன்னவர். இதே வெர்லின்தான், "வெளியாளுங்க வரத்து ஜாஸ்தியாயிருச்சு" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "உன்னச் சொல்லல தம்பி" என்றவர். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் கேள்வி கேட்காத ஆட்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசியல்வாதியைப் பொறுப்பேற்க வைப்பது பற்றி அந்தக் காபிக்கடையில் தினமும் பேசுவார்கள். அவனவன் ஒரு திட்டம் வைத்திருப்பான். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பணும், சம்பளத்த நிறுத்தணும், ஓட்டுப் போட்ட லட்சணத்த ரோட்டுல எழுதி மாட்டணும். அப்போது கதவைத் திறந்துகொண்டு கெய்லன் உள்ளே வந்தால், "இங்க உக்காருப்பா" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். வேஷம் என்று சொல்லிவிடலாம். பாதி அப்படித்தான். மீதிப் பாதி, பனிப்புயலில் வண்டி பள்ளத்தில் விழுந்தால் டிராக்டர் கொண்டுவரப்போவது இதே கெய்லன்தான் என்ற ஞாபகம்.

5

ஏப்ரலில் பனி உருகியது. துளை போட்டபோது கம்பெனிக்காரர்கள் வெர்லினின் நிலத்தடி வடிகால் குழாயை உடைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வடியாத தண்ணீர் ஆறு ஏக்கரில் நின்றது. வாத்துகள் வந்து இறங்கின.

அந்த ஆறு ஏக்கருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை திரும்பும் மூலையில்தான், தேர்தலுக்குத் தேர்தல் கெய்லனின் பெரிய பலகை நிற்கும். கவுண்டியிலேயே நல்ல மூலை. எதிர்த்து நிற்கும் டானிகா ஹோவ் என்ற பன்றிப் பண்ணைக்காரப் பெண் (அதே கட்சி, அதே சர்ச், குழாய்ச் சட்டத்துக்கு மட்டும் எதிர்) மூலையைக் கேட்டு முன்பே வந்திருந்தார். வெர்லின், "அந்த மூலையில ஏற்கெனவே ஒருத்தர் நிப்பாரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. பழக்கம் வாய்க்கு முன்னால் ஓடுகிறது.

கெய்லன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பலகையோடும் இரும்புக் கம்பங்களோடும் வந்து இறங்கினார். வெர்லின் டிராக்டரை நிறுத்திவிட்டு அவரை நோக்கி நடந்தார். இப்போது கேட்டுவிட வேண்டியதுதான். வெர்லின் நிமிர்ந்து நின்று, "கெய்லன், என் நிலத்துல இனிமே உன்

(இந்த வாக்கியத்தை நான் ஏழு தடவை முடித்துப் பார்த்தேன். ஏழும் நன்றாக இருந்தன. எதையும் வெர்லின் சொல்லவில்லை.)

நடந்தது இதுதான். கம்பத்தின் தலையில் கவிழ்த்து அடிக்கும் கனமான இரும்புக் குழலைக் கெய்லன் தூக்கினார். தனியாக ஒருவர் அடித்தால் கம்பம் கோணும். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் சும்மா நிற்க முடியாது. வெர்லின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இடப்பக்கம் சாயுது" என்றார்.

"இப்போ?"

"இப்போ சரி. அடி."

நாலு கம்பங்கள். கட்டக் கம்பி போதவில்லை. வெர்லின் கொட்டகைக்குப் போய்த் தன் கம்பியைக் கொண்டுவந்தார்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு கெய்லன் தண்ணீரைப் பார்த்தார். "நல்ல வாத்துக் கூட்டம்ப்பா இந்த வருஷம்."

"ஆமா."

"ஜூன்ல பாத்துக்குவ இல்ல?"

"ஜூன் வரும்" என்றார் வெர்லின்.

கெய்லன் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போனார். வெர்லின் அதை மிரட்டலாகச் சொன்னதாக என்னிடம் சத்தியம் செய்கிறார்.

6

மே இரண்டாம் வாரம். சோளம் விதைக்க முடிந்த நிலமெல்லாம் விதைத்தாகிவிட்டது. ஆறு ஏக்கர் நீங்கலாக. வெர்லின் கொட்டகையில் ஒட்டுப்பலகை ஒன்றை எடுத்துப் போட்டு, வேலிக்கு அடிக்கும் வெள்ளை வண்ணத்தில் எழுதினார்.

கெய்லன், ஏன் ஆம்னு போட்டே? காபி வெச்சிருக்கேன். வெர்லின்.

மார்லிஸ் வந்து பின்னால் நின்று படித்தார். வெர்லின் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"தயவுசெய்துன்னு ஒரு வார்த்த சேரு" என்றார் மார்லிஸ்.

"இடமில்ல."

"வெர்லின்."

இடம் இருந்தது. சேர்த்தார்.

கெய்லனின் பலகையை ஒட்டி, அதே உயரத்தில், அவரே நட்டார். இந்தமுறை கம்பத்தைப் பிடிக்க மார்லிஸ் வந்தார். கையுறையோடு.

அன்று மாலைக்குள் மொத்தக் கவுண்டிக்கும் தெரிந்துவிட்டது. எடைமேடைக்கு வந்த லாரிக்காரர்கள் எல்லோரும் அந்த மூலையில் வேகத்தைக் குறைத்ததாகச் சொன்னார்கள். சிலர் ஹாரன் அடித்தார்களாம். பாதிரியார் மட்டும், "தயவுசெய்து போட்டது நல்லது" என்றார்.

மூன்றாம் நாள் கெய்லன் காபி குடிக்க வந்தார்.

7

நான் அங்கே இல்லை. நான் சொல்லப்போவது வெர்லின் சொன்னது, மார்லிஸ் சொன்னது, இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நானே போட்ட ஒட்டு.

சமையலறை மேசை. கெய்லனுக்கு முன்னால் காபியும், ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு வைத்து மார்லிஸ் சுட்ட இனிப்புப் பணியாரத்தில் ஒரு பெரிய துண்டும்.

"போர்டு பாத்தேன்" என்றார் கெய்லன். "என்னக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டேன். போர்டுல."

கெய்லன் சிரித்தார். வெர்லின் சிரிக்கவில்லை. கெய்லன் முள்கரண்டியை எடுத்தார்.

"அன்னிக்கு ஒரே நாள்ல நாப்பத்தொரு மசோதா, வெர்லின்."

"இதப் படிச்சியா?"

"தலைப்பு படிச்சேன். கம்பெனிக்காரங்க வந்து வெளக்கிச் சொன்னாங்க. நல்லவிதமாத்தான் சொன்னாங்க. நம்ம ஆளுங்க யாரும் வரல."

"மாடு கன்னு போட்டுட்டிருந்துச்சு."

"தெரியும். கம்பெனிக்காரனுக்கு மாடு இல்ல."

வெர்லின் இதை யோசித்தார். நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் அவருக்கு எரிச்சல்.

"எனக்குப் பிடிக்காதுன்னு தோணலையா?"

"தோணுச்சு." கெய்லன் ஒரு வாய் சாப்பிட்டார். "நெசத்தக் கேக்கற, சொல்றேன். உன் ஓட்ட நான் எண்ணிப் பாக்கறதே இல்லப்பா. அது எப்பவும் இருக்கும். நீ வேற எங்க போவ? அந்த நாயோட ஊர்வலம் போவியா? யாரு கோவிச்சுக்கிட்டுப் போயிருவானோ, அவனத்தான் எண்ணுவேன். உன்ன எண்ண வேணாம். நான் இத பாராட்டாத்தான் சொல்றேன், வெர்லின்."

பாராட்டாகத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெர்லின் ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த பதில் அவருக்குக் கிடைத்துவிட்டது, நேர்மையாக, முகத்தைப் பார்த்து, அவர் வீட்டு மேசையிலேயே.

அவர் மேசைத் துணியைப் பார்த்தார்.

மார்லிஸ் எழுந்து வந்து கெய்லனின் தட்டை எடுத்துக்கொண்டார்.

8

இங்கேதான் சாட்சிகள் இரண்டாகிறார்கள்.

வெர்லின் எடைமேடையில் சொன்னது: "பாதிதான் சாப்பிட்டிருந்தான். கரண்டி அவன் கையிலயே இருந்துச்சு. உருவிட்டா, தம்பி. முப்பத்தெட்டு வருஷத்துல அப்படி ஒருத்தர் தட்ட எடுத்து நான் பாத்ததில்ல."

மார்லிஸ் தபால் நிலையத்தில் சொன்னது: "அவன் சாப்பிட்டு முடிச்சிருந்தான். முடிச்ச தட்டத்தான் எடுத்தேன். நான் அப்படிப்பட்டவ இல்லப்பா." சொல்லும்போது முகம் சிவந்திருந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். காத்திருந்து எழுதியிருக்கலாம் என்பீர்கள். காத்திருந்தால் முடிவு வந்துவிடும். முடிவு வந்துவிட்டால் எல்லோரும் முதலிலேயே தெரியும் என்பார்கள். அதற்குள் சில முடிவுகளை நானே போட்டுப் பார்த்தேன்.

டானிகா ஒரே ஒரு ஓட்டில் ஜெயிக்கிறார். அது யார் ஓட்டு என்று எல்லோருக்கும் தெரியும். (சினிமா. வெர்லின் சட்டையைக் கழற்றி வீசாததுதான் குறை.)

கெய்லன் திருந்துகிறார், சட்டத்தைத் தானே ரத்து செய்கிறார். (சித்தப்பா இருநூறு பேருக்கு அனுப்புவார். ஆகவே வேண்டாம்.)

வெர்லின் ஓட்டுச்சீட்டின் முன்னால் நிற்கிறார். இரண்டு பெயர். பேனா தன்பாட்டுக்குப் பழைய இடத்துக்குப் போகிறது. வெளியே வந்து, 'ஒழுங்கா கேட்டாச்சு, போதும்' என்று (இதை முடிக்கப் பயமாக இருக்கிறது. மூன்றில் இதுதான் இயல்பாக வந்தது.)

பொறுக்க முடியாமல் வெர்லினிடமே கேட்டுவிட்டேன். யாருக்குப் போடப்போறீங்க? "தம்பி, அது ஒருத்தர்ட்ட கேக்கக் கூடாத கேள்வி" என்றார். எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

சரிதானே. எனக்கு இங்கே ஓட்டு இல்லை. அக்காவுக்கும் ப்ரென்டல் கவுண்டியில் இல்லை. ஆகவே ஓட்டை அவரிடமே விட்டுவிடுங்கள். தட்டை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். காலித் தட்டா, பாதித் தட்டா?

காலித் தட்டு என்றால் கதை முடிந்தது. கெய்லன் நன்றி சொல்லிவிட்டுப் போவார், நடைக்கூடத்தை இன்னும் இரண்டு தடவை கடப்பார்.

பாதித் தட்டு என்றால், கவனமாக எழுதுங்கள். தட்டு மார்லிஸின் கையில் இருக்கிறது. கெய்லன் வெறும் கரண்டியோடு நிமிர்ந்து பார்க்கிறார். "இன்னும் முடிக்கலியே மார்லிஸ்" என்கிறார். அடுத்து மார்லிஸ் பேச வேண்டும், அதை எழுத வேண்டியது நீங்கள். எதை வேண்டுமானாலும் சொல்லவையுங்கள். ஒன்றுமே சொல்லாமலும் நிற்கவைக்கலாம். "ஐயோ, ஆறிப்போச்சேன்னுதான் எடுத்தேன், சூடு பண்ணிக் கொண்டுவரேன்" என்று மட்டும் சொல்லவிட்டுவிடாதீர்கள். அது அவர் வாயில் தயாராக இருக்கிறது. அட்டை படித்த பதினோரு வருடப் பழக்கம். கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் வந்துவிடும்.